பத்து நம்பர் ஸ்பேனர்

போன மாதம் பரிசோதனைக்காக மதுரை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே, என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். காலில் புதுசாக வளையம் மாட்டியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை நாலு இரும்பு வளையங்கள், அதற்கு நடுவே அவள் கால். என் காலில் இருந்த புள்ளிப் புள்ளியான தழும்புகளைப் பார்த்துவிட்டு, "யக்கா, உங்களுக்கும் இதானா? எப்படிக்கா இருந்துச்சு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல்லில் பதினேழு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் கணவர் சேவியர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் ஓட்டப் பழக்கி அனுப்புவேன், அவர் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து அனுப்புவார். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நாள் முழுக்க நான் சொல்வது ஒன்றுதான்: "மெதுவா விடு, கிளட்ச்சை மெதுவா விடு, வண்டி எங்கயும் ஓடிப்போயிராது." சொல்கிற எனக்கு இட்லி வேகும்வரை அடுப்படியில் நிற்க முடியாது. பாதி வெந்ததைத் தட்டில் தட்டிவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

பயிற்சிக் காரில், என் இடதுபக்கச் சீட்டுக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற ஆள் என்ன கூத்தடித்தாலும் என் வலது கால் அந்தப் பிரேக்கின்மேல் இருக்கும். பதினேழு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

விபத்து நடந்தது ஆடிக் காற்றில். நத்தத்திலிருந்து பாண்டியம்மா என்று ஒருத்தி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தாள். கணவர் இறந்து மூன்று வருஷம். மாந்தோப்பையும் புளியந்தோப்பையும் குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பார்க்கிறாள். காயை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போக ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்காரனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அதனால் 'குட்டியானை' என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சின்ன லாரியை வாங்கித் தானே ஓட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அந்த வெறியினால்தான்.

அன்றைக்கு நத்தம் ரோட்டை ஒட்டிய ஒரு பொட்டலில் ரிவர்ஸ் பழக்கிக்கொண்டிருந்தேன். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை இரண்டு வரிசையாக வைத்து, நடுவே வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். காற்றில் இரண்டு பாட்டில்கள் உருண்டு, வண்டிக்கு முன்னால் நின்ற புளியமரத்தடிக்குப் போய்விட்டன. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு இறங்கியிருக்க வேண்டும். ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் மறக்கவே கூடாத காரியம் அது. ஆனால் எனக்கு எங்கே நேரம் இருக்கிறது? ஓடுகிற எஞ்சினோடு இறங்கிப் போனேன். குனிந்து பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டே, "என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? ரிவர்ஸைப் போடு!" என்று ஒரு சத்தம் போட்டேன். அவள் மிரண்டுபோய்ப் போட்டாள். விழுந்தது முதல் கியர்.

வண்டி மூன்றடிதான் வந்தது. மரத்துக்கும் பம்பருக்கும் நடுவே என் வலது கால் இருந்தது. என் பிரேக் என் காலடியில் இல்லாத ஒரே நிமிஷம் அதுதான்.

தப்பு யாருடையது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். இருந்தும் ஆம்புலன்ஸ் வரும்வரை பாண்டியம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "திட்டுக்கா, நல்லாத் திட்டுக்கா" என்று அழுதாள்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. முன்பக்கம், தோலுக்கு நேர் அடியில் இருப்பது பெரியது. உடம்பின் பாரத்தை அதுதான் தாங்குகிறது. எனக்கு நொறுங்கியது அது. தோலையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. திண்டுக்கல்லிலேயே முதல் ஆபரேஷன். எலும்புக்குள் இருக்கிற குழலில் ஒரு நீளக் கம்பியைச் செருகி நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் நடக்கலாம் என்றார்கள். தீபாவளிக்குள் சீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சவால் விட்டேன். ஐந்தாவது வாரம் தையலுக்குப் பக்கத்தில் கொதித்தது. ஆறாவது வாரம் அங்கிருந்து சீழ் வந்தது.

மண்ணில் கிடந்த திறந்த காயம். என்னதான் கழுவினாலும் சில சமயம் கிருமி எலும்புக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம். ஒளிந்துவிட்டால் மாத்திரைக்கு அடங்காது. அப்படித்தான் மதுரைக்குப் போனோம். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கினால் டாக்டரைப் பார்க்கப் பகல் ஒன்றாகும். அந்த ஆறு மணி நேரத்தில் எதிர்ச் சுவரில் எத்தனை டைல்ஸ் இருக்கிறது, அதில் எத்தனை விரிசல் விட்டிருக்கிறது என்று எண்ணி முடித்துவிடுவேன். டோக்கன் கூப்பிடுகிற பெண்ணிடம் இரண்டு தடவை சண்டை போட்டேன். சேவியரோ காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஆறாறு நகல் எடுத்து, ஓரம் பிசகாமல் அடுக்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

இரண்டாவது ஆபரேஷனில் கம்பியை உருவி, கெட்டுப்போன எலும்பை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்தார்கள். அந்தக் காலியிடத்தில் கிருமிக்கான மருந்து கலந்த சிமெண்டை வைத்து மூடினார்கள். சிமெண்ட் என்றதும் சேவியர், "எந்தக் கம்பெனி சிமெண்ட், டாக்டர்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த மாதம் முழுக்க நான் சிரித்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கு டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "திரும்ப நான் பிரேக் மிதிப்பேனா?"

"கால் இருக்கும்மா. நடப்பீங்க. பிரேக் மிதிக்கிற அளவுக்கு அழுத்தம் வருமான்னா, அதை இப்ப என்னால சொல்ல முடியாது."

கால் தப்பியதற்கே மெழுகுவர்த்தி ஏற்றியிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நடப்பதா என் பிழைப்பு? பக்கத்தில் ஒரு பிரேக்கும் அதன்மேல் என் காலும் இல்லாவிட்டால், நான் யாருக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது?

சீழ் அடங்கியபிறகு, ஜனவரியில், அந்தச் சிமெண்டை எடுக்க மூன்றாவது ஆபரேஷன். அப்போதுதான் இந்த வளையம். தங்கச்சி, உனக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள், ஆனால் மயக்கத்தில் பாதி காதில் ஏறியிருக்காது. சைக்கிள் சக்கரத்தின் கம்பி மாதிரி மெல்லிய கம்பிகளை எலும்புக்கு ஊடாக விட்டு, வளையத்தில் இழுத்து முடுக்குகிறார்கள். காலியிடத்துக்கு மேலே, நல்ல எலும்பை ஓரிடத்தில் அறுத்துவிடுகிறார்கள். அறுத்த அந்தத் துண்டை, வளையத்தில் இருக்கிற நட்டைத் திருகித் திருகிக் கீழே நகர்த்த வேண்டும். துண்டு நகர நகர, அது விட்டுவந்த இடத்தில் புது எலும்பு முளைக்கும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அதையும் நான்காகப் பிரித்து, காலை, மதியம், சாயங்காலம், படுக்கப்போகும்போது என்று ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர். இதற்கு மேல் போகக் கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார்.

"ஐம்பது நாள் நகர்த்தணும். அப்புறம் அது இறுக ஏழெட்டு மாசம் ஆகும்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது ஐம்பது மட்டும்தான்.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது என் நாத்தனார் லூர்து. ராத்திரியில் வளையத்தின் கனத்தில் புரளவும் முடியாது, குப்புறப் படுக்கவும் முடியாது. கம்பி நுழைந்த ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு நேரத்துக்குத் தெறிக்கும். மணி என்ன, மணி என்ன என்று அவளைப் பிடுங்கி எடுப்பேன். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளாமல் சொல்வாள். அப்படியே உட்கார்ந்து என் நைட்டிகளையெல்லாம் வலதுபக்கம் பிரித்து, வளையம் நுழைகிற மாதிரி பட்டன் வைத்துத் தைத்துவிட்டாள். பழைய சேலையில் வளையத்துக்கு ஒரு உறையும் தைத்தாள். அதில் பூப்போட்ட துணியாகப் பார்த்து வைத்திருந்தாள் பாவி.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் என் குறிக்கோளை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: "மே ஒண்ணாம் தேதி, சீட்." மே மாதம்தான் எங்கள் தொழிலின் அறுவடை. காலேஜ் லீவில் பிள்ளைகள் மொத்தமாக வந்து சேருவார்கள். அதை விட்டால் வருஷமே போச்சு.

நட்டைத் திருகுவது சேவியரின் வேலை. ஆஸ்பத்திரியில் பத்து நம்பர் ஸ்பேனர் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒரு கையெழுத்துப் போடவே மூன்று தடவை பேனாவை உதறுகிற மனுஷர் அவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, டார்ச்சை வாயில் கவ்வி, நட்டில் மார்க் செய்த புள்ளியைப் பார்த்து, கால் சுற்று திருகிவிட்டு மாத நாட்காட்டியில் ஒரு டிக் போடுவார். மதியத் திருகலுக்காகக் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வருவார். ஒரு நாளைக்கு நாலு டிக். அந்த டிக்குகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து சென்டிமீட்டர் தூரம். வேகம் ஒரு மில்லிமீட்டர். வேகத்தைக் கூட்டினால் நேரம் குறையும். இதைக் கணக்குப் போடாத டிரைவர் உலகத்தில் உண்டா?

அந்த ஸ்பேனரை எடுக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. என் கார் டூல்ஸ் பையிலேயே ஒரு பத்து நம்பர் ஸ்பேனர் உண்டு. வாழ்க்கையில் எத்தனை நட்டைத் திருகியிருக்கிறேன்! ஒரு மதியம் அவர் திருகிவிட்டுக் கடைக்குப் போனதும், தலைமாட்டிலிருந்து என் ஸ்பேனரை எடுத்து இன்னொரு கால் சுற்று திருகினேன். சுரீர் என்றது. பிறகு அடங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லையே! மறுநாளிலிருந்து தினமும் மூன்று தடவை. அதற்கெல்லாம் டிக் கிடையாது. பாதம் மரத்தது, விரல்கள் உள்பக்கமாக மடங்கின, யாரிடமும் மூச்சு விடவில்லை, சேவியர் கேட்டால் வலிக்கவில்லை என்றேன். வலிக்கிறதென்றால் வேலை நடக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

திருக ஆரம்பித்த இருபதாவது நாள் மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு ஸ்கேலை எடுத்தார். ஒரு தடவை அளந்தார். மறுபடி அளந்தார்.

"இருபது மில்லிமீட்டர் இருக்கணும். முப்பத்திரண்டு இருக்கு. இந்த இடைவெளியில புது எலும்பு புகை மாதிரி வெள்ளையாத் தெரியணும். ஒண்ணையும் காணோம், கறுப்பா இருக்கு. யாரு திருகுறது?"

 சேவியர் படத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் டாக்டர் திருகுறேன். கண்ணாடி சரியில்ல. கை கூடுதலாப் போயிருக்கும் போல."

பையிலிருந்து அந்த டிக் போட்ட தாளை வேறு எடுத்து நீட்டினார். டாக்டர் அவரை விட்டு வாங்கிவிட்டார். படித்தவர்தானே, சொன்னது புரியாதா, பெண்டாட்டி கால்தானே, விளையாட்டுச் சாமானா என்று, பயிற்சி டாக்டர்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. தாளில் ஒரு டிக்கூடக் கோடு தாண்டவில்லை. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நான் சக்கர நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால் அந்தத் திருகல் இல்லை, அந்த ஐந்து நிமிஷம்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அந்தப் படத்தைப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. இம்புட்டு வருஷமா உன்னையப் பாக்குறேனே ஜெசி."

"பெறகு ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"நீ ஏற்கெனவே வலியில இருக்க. திட்டு வேறயா?" என்றவர், டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நாற்காலியத் திருப்புங்க. உள்ள தள்ளுங்க" என்றேன். அடுத்த டோக்கன்காரர் உள்ளே இருக்கும்போதே கதவைத் திறக்கச் சொல்லி, "டாக்டர், அவரில்ல. நான்தான். பதினாறு நாள், தினம் மூணு தடவை" என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பதினாறு, மூன்று என்று எழுதிக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க. இல்லாட்டி உங்க எலும்புல என்ன கோளாறுன்னு தேடி இன்னொரு தடவை திறந்திருப்போம்" என்றார். பிறகு சொன்னார்: "முளைக்கிற எலும்பு பச்சைக் குழந்தை மாதிரி. மெல்ல இழுத்தா வளரும், பிடிச்சு இழுத்தா அறுந்துபோகும். இப்பக் கூடுதலாத் திருகினதைப் பின்பக்கமாத் திருகணும்."

பிறகு பன்னிரண்டு நாள் நட்டைப் பின்பக்கமாகத் திருகினார் சேவியர். கூடுதலாகப் போன தூரம் எல்லாம் திரும்பி வந்தது. சுவரில் ஒட்டியிருந்த 'மே ஒண்ணாம் தேதி' தாளை நானே கிழித்தேன். இரண்டு ஸ்பேனர்களும் அவருடைய சட்டைப் பைக்குப் போயின. குளிக்கும்போது எங்கே வைத்தாரோ, நான் கேட்கவில்லை. அவரும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. ஆனால் திருகுவதற்கு முன்னால் நட்டில் இருக்கும் புள்ளியை ஒரு தடவை கூடுதலாகப் பார்ப்பார். அது எனக்குத் தெரியும்.

புது எலும்பு முளைக்கட்டும் என்று இரண்டு மாதம் அப்படியே விட்டுவைத்து, மறுபடி முன்பக்கம் திருக ஆரம்பித்து, துண்டு கீழே போய்ச் சேர மே முடிந்து ஜூனும் ஆகிவிட்டது. கார் ஷெட்டில் தூங்கியது. சேர்ந்த இடத்தில் இரண்டு எலும்பும் ஒட்டுவதற்காக இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து வைத்தார்கள். அது நாலாவது ஆபரேஷன். அப்போது எடுத்த படத்தில் கறுப்புக்கு நடுவே லேசாக ஒரு வெள்ளை தெரிந்தது. டாக்டர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார்.

"இனி நீங்க காலை ஊணணும்மா. பாரம் ஏறினாத்தான் எலும்பு இறுகும்" என்றார்.

இங்கேதான், தங்கச்சி, நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. எனக்குக் காலை ஊன்ற முடியவில்லை. வலியினால் இல்லை. பயம். வாக்கரைப் பிடித்து எழுந்து, வலது பாதத்தைத் தரைக்கு ஒரு விரல் உயரத்தில் நிறுத்திக்கொண்டு, இடது காலிலேயே தத்தித் தத்திப் போவேன். பாதம் தரையைத் தொட்டால் அந்தக் கறுப்புப் படம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். பதினேழு வருஷமாக அடுத்தவர் பயத்தைப் பார்த்து எரிச்சல்பட்டவளுக்கு இப்படி ஒரு பயம்.

அதை ஒப்புக்கொள்ளாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? குறிக்கோளைச் சின்னதாக்கிக்கொண்டேன். தினமும் ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுவேன். 'இன்று கட்டை விரலை இருநூறு தடவை ஆட்டுவது.' 'கம்பித் துளைகளை நானே துடைத்து மருந்து போடுவது.' 'வாசல் கேட்வரை இரண்டு நடை.' 'சாயங்காலம்வரை மணி பார்க்காமல் இருப்பது.' இந்தக் கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்து முடித்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம், ஆகா, ஜெசிந்தாவுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று பாராட்டினார்கள். உள்ளுக்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சேவியர் ஒருநாள் அந்தத் தாள்களை எல்லாம் அடுக்கி, ஓரம் தட்டி நேராக்கிக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரி ஜெசி. இம்புட்டுத் தாள்ல ஒண்ணுலகூட வலது காலு தரையில படுதுன்னு இல்லையே?"

"உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அடுத்த பரிசோதனையில் டாக்டரும் அதையேதான் சொன்னார். "அன்னைக்கு நிறுத்துன்னா ஓடுனீங்க, இன்னைக்கு ஓடுன்னா நிக்கிறீங்க. இப்படியே போனா அஞ்சாவது ஆபரேஷன்தாம்மா. அதுக்கு அப்புறம் பிரேக்கைப் பத்தி என்கிட்டக் கேக்காதீங்க."

பாண்டியம்மா சனிக்கிழமை தவறாமல் நத்தம் பஸ்ஸில் வருவாள். மாம்பழக் காலத்தில் மாம்பழம், அது முடிந்தால் புளி. கட்டில் காலடியில் உட்கார்ந்திருப்பாள். விபத்துக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை என்று ஆகஸ்டில்தான் எனக்குத் தெரிந்தது. பழகுநர் லைசென்ஸ்கூட எப்போதோ காலாவதியாகிவிட்டிருந்தது.

"ஏன்டி, குட்டியானை என்னாச்சு?"

"வேணாங்க்கா. ஒரு காலை ஒடிச்சதே போதும்."

"நீயா ஒடிச்ச? எஞ்சினை அணைக்காம எறங்குனது நானு. கத்துனது நானு. ஒரு வருஷமா இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. இப்பச் சொல்றேன், கேட்டுக்க."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.  அழுகிறவளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். "அழுதது போதும், அந்தச் செருப்பெல்லாம் எடுத்துட்டு வா" என்று கத்தினேன். சேவியரின் செருப்பு ஒன்று, லூர்து விட்டுப்போன செருப்பு ஒன்று, என்னுடையது ஒன்று. மூன்றையும் தரையில் வரிசையாக வைத்து, கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்றேன். அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு தட்டைக் கொடுத்து ஸ்டியரிங் என்றேன். கியருக்குத் தோசைக் கரண்டி. அன்றைய தாளில் எழுதினேன்: 'பாண்டியம்மாவுக்கு லைசென்ஸ்.' முதல்முதலாக என் காலில் முடியாத ஒரு குறிக்கோள். சேவியர் மறுநாளே புது விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்.

நாலு சனிக்கிழமை செருப்பில் ஓட்டினோம். ஐந்தாவது சனிக்கிழமை காரை ஷெட்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். என் சீட்டில் சேவியர். அவருக்கு முப்பது வருஷ லைசென்ஸ் இருக்கிறது, முப்பதிலேயேதான் ஓட்டுவார். வளையக் காலோடு நான் பின்சீட்டில், வாக்கர் டிக்கியில். எனக்கு முன்னால் ஒரு பிரேக்கும் கிடையாது. வாய் மட்டும்தான் இருந்தது.

"அந்தப் பொட்டலுக்கே விடு" என்றேன்.

"யக்கா, அங்க மட்டும் வேணாங்க்கா."

"அங்கதான்."

பாட்டில்களைச் சேவியர் அளந்து அளந்து அடுக்கினார். கால் மணி நேரம் ஆயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எதிரே அதே புளியமரம். பட்டையில் பம்பர் தேய்த்த வடு இன்னும் இருந்தது. பாண்டியம்மா கியரைத் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தாள். நான் கத்தவில்லை. "செத்த நேரம் எடுத்துக்க. மூச்சு விட்டுட்டு, ரிவர்ஸ் போடு" என்றுதான் சொன்னேன், சத்தியமாக.

அவள் போட்டாள். கிளட்ச்சை விட்டாள். வண்டி முன்னால் பாய்ந்தது.

"பிரேக்!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. வண்டி குலுங்கி நின்றது. மரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

 "நல்லவேளை, மிதிச்சீங்க" என்றேன் சேவியரிடம்.

"நான் எங்க மிதிச்சேன்? பாட்டிலத் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான்தாங்க்கா" என்றாள் பாண்டியம்மா. "நானே மிதிச்சுட்டேங்க்கா! அன்னைக்கு மாதிரி இல்லக்கா, நானே மிதிச்சுட்டேன்!" சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

 குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டின் தரை மிதியடியில் என் வலது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. இல்லாத பிரேக்கை, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மிதித்துக்கொண்டிருந்தது. இடுப்பு சீட்டிலிருந்து தூக்கியிருந்தது. ஏழு மாதமாகத் தரைக்கு ஒரு விரல் உயரத்தில் நின்ற பாதம் அது. தெறிக்குமா, முறியுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை.

"அவ மட்டுமில்ல, நானும் மிதிச்சேன்" என்றேன்.

அதன்பிறகு பாண்டியம்மா ஏழு தடவை ரிவர்ஸ் எடுத்தாள். கடைசி மூன்றில் ஒரு பாட்டில்கூட விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சேவியர் நாட்காட்டியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றார். மூன்று தடவை பேனாவை உதறினார். டிக் போடவில்லை.

"வலிக்கலன்னு சொல்ற."

"வலிக்கல."

"முன்னயும் இப்படித்தான் வலிக்கலன்னு சொன்ன ஜெசி."

அவர் அதைச் சொல்லிக் காட்டியது அந்த ஒரே தடவைதான். சரியாகத்தான் சொன்னார்.  அவர் நாட்காட்டியைக் கட்டிலில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். வெறும் பாதத்தை எனக்கு முன்னால் நீட்டி வைத்தார்.

"மிதி, பாப்போம்."

வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என் வலது பாதத்தை அவர் பாதத்தின்மேல் வைத்தேன். முதலில் கிளட்ச் விடுகிற மாதிரி மெதுவாக. பிறகு கொஞ்சம் கூட. பிறகு வாக்கரை விட்டுவிட்டு, உடம்பு பாரத்தையெல்லாம் இறக்கினேன். அவர் முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்தார். காலை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்து வழிந்தது.

"போதும் ஜெசி" என்றார். "வண்டி நின்னுருச்சு."